மாலோ இருந்த பதினெட்டு நிமிடம்

காப்பிக் கிண்ணத்தை மேசையில் வைத்த விடுதிக்காரி ழொசெத் போகாமல் நின்று நோல்வென்னின் கால்களைக் குனிந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தக் கால்தானா மதாம் அது? வண்டிக் கண்ணாடிக்கு முன்னால தூக்கி வெச்சுக்கிட்டு வழி பூராவும் தூங்கிட்டே வந்தீங்களாமே."

நோல்வென்னும் சிரித்தாள். ஆள் மாறிப் பேசுகிறாள் என்று நினைத்தாள். லிமோஜ் பக்கத்திலிருந்து இந்தத் தோர்தோன் ஆற்றங்கரை வரை வேனை ஓட்டிவந்ததே அவள்தான். கணவன் பெர்த்ரானுக்கு ஓட்டத் தெரியாது. மூன்று முறை தேர்வில் தோற்று, அந்தப் பக்கமே போவதில்லை என்று விட்டுவிட்டவன். அதை அவள் சொன்னபோது விடுதிக்காரி குழம்பிப்போனாள். உள்ளே போய் முந்தின நாள் வந்த ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளைக் கொண்டுவந்து ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் விரித்தாள்.

அரைப் பக்கம். மேலே பெர்த்ரானும் அவளும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரிக்கிற பத்து வருஷத்துப் பழைய படம். 'இருவர் கோடை' என்று தலைப்பு. ஒரு தம்பதியின் காதல் பயணம், கிராமங்கள் வழியே கடற்கரை வரை, எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் வரும் என்று போட்டிருந்தது. கீழே பெர்த்ரானின் பெயர்.

கல்யாணமாகி இருபத்தோரு வருஷம் ஆனதற்காக இந்தப் பயணம் என்றுதான் அவன் சொல்லியிருந்தான். பள்ளிக்கூடத்தில் இலக்கியம் சொல்லிக்கொடுப்பவன். இடையிடையே பத்திரிகைக்கு எழுதுவான் என்பது அவளுக்குத் தெரியும். விடுதிகளையெல்லாம் அவனே ஏற்பாடு செய்திருந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் ஒரு காரியத்தை முழுதாகச் செய்திருக்கிறான் என்று அவள் மகிழ்ந்துகூடப் போயிருந்தாள். மாட்டு வைத்தியர் அவள். ஜூலையில் பத்து நாள் விடுப்பு எடுக்க ஊரெல்லாம் கெஞ்சி, பக்கத்து ஊர் வைத்தியரிடம் தன் பண்ணைகளை ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள்.

படித்தாள். கட்டுரையில் பெர்த்ரான் ஓட்டுகிறான். அவன் கை ஸ்டியரிங் சக்கரத்தில் இருக்க, 'என் மான்குட்டி' காலைத் தூக்கிவைத்துத் தூங்குகிறாள். வீட்டில் ஒரு நாளும் அவன் அவளை மான்குட்டி என்று கூப்பிட்டதில்லை. அவள் கன்று மாட்டிக்கொண்ட பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கை விடுகிறவள். பூட்ஸில் சாணம் காய்ந்த வாசனையோடு வீட்டுக்கு வருகிறவள். ஞாயிற்றுக்கிழமை வந்த தாள் இது. அப்படியென்றால் வியாழன், வெள்ளிக்கே எழுதிக் கொடுத்திருக்கிறான். அவர்கள் கிளம்பியதே சனிக்கிழமைதான்.

அதுவரைக்கும் எரிச்சல்தான். மூன்றாவது பத்தி இப்படி இருந்தது.

'எங்கள் மகன் மாலோ பதினெட்டு நிமிடம் வாழ்ந்தான். அந்தப் பதினெட்டு நிமிடமும் அவன் என் கைகளில் இருந்தான். அன்று மூடிக்கொண்ட என் மனைவியின் இதயத்தை இந்தக் கோடையில் நான் திறக்கப் போகிறேன்.'

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், பிப்ரவரி மாதம், ஆறாவது மாதம் முடியாமலேயே மாலோ பிறந்தான். பிழைக்க மாட்டான் என்று முன்னமே சொல்லிவிட்டார்கள். செவிலி அவனை ஒரு துணியில் சுற்றி நோல்வென்னின் மார்பில் வைத்தாள். மூச்சு இருந்தது. நோல்வென் பெர்த்ரானைக் கூப்பிடச் சொன்னாள். செவிலி இரண்டு முறை வெளியே போய்விட்டுத் தனியாகத் திரும்பி வந்தாள். அவன் நடைகூடத்தில் காப்பி எந்திரத்துக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தானாம். எல்லாம் முடிந்து, செவிலி குழந்தையை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் உள்ளே வந்தான். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அம்மா பிரிட்டனியிலிருந்து வந்து சேர்ந்தபோது, குழந்தை பிறக்கும்போதே உயிர் இல்லை என்று நோல்வென் சொல்லிவிட்டாள். பதினெட்டு நிமிடம் இருந்தான் என்று சொன்னால், அப்போது பெர்த்ரான் எங்கே என்று அம்மா கேட்பாள். அந்தக் கேள்வியிலிருந்து அவனைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய். பத்தொன்பது வருஷம் அதைச் சுமந்தாள்.

பெர்த்ரான் ஆற்றிலிருந்து வந்தான். தலையில் ஈரம், கழுத்தில் கேமரா. மேசைமேல் தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"படிச்சுட்டியா? எப்படி இருக்கு?"

பாராட்டுக்குக் காத்திருக்கிறவனின் முகம் அது. விடுதிக்காரி பக்கத்தில் நின்றதால் மட்டுமே நோல்வென் கையிலிருந்த காப்பிக் கிண்ணத்தை அவன்மேல் வீசாமல் மேசையில் திரும்ப வைத்தாள்.

"பெட்டிய எடு," என்றாள்.

வேனில் ஏறியதிலிருந்து அவன்தான் பேசினான். அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான் சொல்லவில்லையாம். பத்திரிகைக்கு ஒரே நாளில் மின்னஞ்சலில் இருநூறு கடிதம் வந்துவிட்டதாம். ஆசிரியர் குழுவில் ஒரு பெண் அழுதேவிட்டாளாம். நோல்வென் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். குறுகலான கிராமத்துச் சாலை. முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டுவதற்காக வேனை ஒடித்த வேகத்தில் பெர்த்ரான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டான்.

"இத்தனை வருஷமா நீ அதைப் பத்தி வாயே திறக்கல நோல்வென். யாராவது பேசணும். உனக்காகத்தான் எழுதினேன்."

"எனக்காகன்னா எங்கிட்ட குடுத்திருக்கணும். ஊரே காலையில காப்பியில ரொட்டியத் தொட்டுக்கிட்டுப் படிக்கிறதுக்கில்ல குடுத்திருக்க."

"அழகாத்தான் எழுதியிருக்கேன். ஒரு தப்பான வார்த்தை இருக்கா சொல்லு."

"நீ அவனத் தூக்கவே இல்லையே பெர்த்ரான்."

ஒரு கிராமம் போய் அடுத்த கிராமம் வந்தது. தேவாலயம், அடைத்த ரொட்டிக் கடை, போர் நினைவுத் தூண், மறுபடி வயல். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி, தூக்கியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பதாகவும், அந்த நினைப்பைத்தான் எழுதியதாகவும் சொன்னான்.

"அந்த நினைப்ப எழுதியிருந்தா நான் உன்னக் கட்டிப் பிடிச்சு அழுதிருப்பேன்," என்றாள். "நீ தூக்கினேன்னு எழுதியிருக்க. எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துக்கிட்ட."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உறைத்துவிட்டது என்றுதான் அவளும் நினைத்தாள். ஆங்குலேம் தாண்டி இரண்டு பக்கமும் சூரியகாந்தி வந்தபோது அவன் தொண்டையைக் கனைத்தான். இரண்டாவது வாரத்துக்குப் படம் வேண்டுமாம். ஒன்றே ஒன்று, இந்த வயலில், இரண்டு பேரும் சேர்ந்து.

நோல்வென் ஓரமாக நிறுத்தினாள். அவன் இறங்கி, முக்காலியில் கேமராவைப் பொருத்தி, பூக்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டு அவளை வா என்று கையசைத்தான். கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, தொப்பி, சிரிப்பு. அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டாள்.

மூன்று கிலோமீட்டர் போயிருப்பாள். பிறகுதான் தோன்றியது, இதையும் எழுதிவிடுவான். சூரியகாந்தி வயலில் தனியாக நிற்கும் காதலன் என்று தலைப்புப் போட்டு எழுதுவான், இன்னும் நானூறு கடிதம் வரும். திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினாள். வெயிலில் முகம் சிவந்து, முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சாலையோரம் நடந்துவந்துகொண்டிருந்தான். ஏறிக்கொண்டான். படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

மதியம் செந்த் நகரத்துச் சந்தைக்கு எதிரே சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அம்மா கூப்பிட்டாள். அம்மா இருப்பது துவார்னெனேயில், பிரிட்டனிக் கடற்கரையில். அந்தச் செய்தித்தாள் அங்கே போகாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி தன் கைபேசியில் எடுத்துக் காட்டியிருக்கிறாள். நோல்வென் எழுந்து தெருவுக்குப் போய்ப் பேசினாள்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பதினெட்டு நிமிஷம் இருந்தானா?"

"ஆமாம்மா."

"உயிரோட?"

"ஆமா."

"உசுரில்லாமப் பிறந்துச்சுன்னு நீ சொன்ன. நான் அவனுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தல. பேரக்கூட வாய்விட்டுச் சொன்னதில்ல, உனக்கு வலிக்குமேன்னு. இப்ப யாரோ ஒருத்தி அவ செல்லுல காட்டி நான் தெரிஞ்சுக்கறேன்." அப்புறம் கேட்டாள். "பெர்த்ரான் கையிலயா இருந்தான்?"

இப்போதும் ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்துபோகும். பத்தொன்பது வருஷத்துப் பழக்கம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்ல. எங்கிட்ட," என்றாள்.

அம்மா போனை வைத்துவிட்டாள்.

மேசைக்குத் திரும்பியபோது பெர்த்ரான் அவள் தட்டிலிருந்த கறி ஆறிவிடாமல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடிவைத்திருந்தான். அந்த அக்கறை அவளை இன்னும் எரித்தது. மறுநாள் மதியம் லா திரெம்ப்லாத் கடற்கரையில், சிப்பிப் பண்ணைக்காரர்களின் கொட்டகையில், பத்திரிகை வாசகர்களோடு ஒரு விருந்து இருப்பதை அப்போதுதான் சொன்னான். முப்பது பேர் வருகிறார்களாம். அதை முன்பே சொல்லாததற்கும் சேர்த்து அவள் நிதானமாகப் பேசினாள். நாளைக்கு அந்த முப்பது பேருக்கு முன்னால், தாளில் வந்தது பொய், அன்று நான் உள்ளேயே போகவில்லை என்று அவன் சொல்ல வேண்டும். சொன்னால் அதற்கு மேல் பேசலாம். சொல்லாவிட்டால் அவள் சொல்வாள். பெர்த்ரான் வெகுநேரம் கத்தியையும் முள்கரண்டியையும் நேராக்கிக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றான்.

மறுநாள் லா திரெம்ப்லாத்தில், சேற்று வாய்க்கால்களின் ஓரத்தில் தார் பூசிய மரக் கொட்டகைகள் வரிசையாக நின்றன. நீளமான மேசைகளில் சிப்பித் தட்டுகள், எலுமிச்சை, வெண்ணெய், பழுப்பு ரொட்டி, குளிரவைத்த வெள்ளை ஒயின். வந்திருந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைச் செவ்வாய்க்கிழமையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பத்திரிகையிலிருந்து கிளாரிஸ் என்றொரு பெண் வந்திருந்தாள். அழுதவள் அவள்தான் போலிருக்கிறது. நோல்வென்னின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலிக்கு எழுபது வயதிருக்கும் ஒரு பெண் வந்தாள். பெயர் கிஸ்லேன் என்றாள். அவளுக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்து அன்றே போயிற்றாம், நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறதாம்.

"உங்களுக்குக் கிடைச்ச மாதிரி புருஷன் யாருக்குக் கிடைப்பான் மதாம்? எங்க வீட்டு ஆளு அன்னைக்கு வெளியவே நின்னாரு. உள்ள வரல. நானும் போனாப் போகுதுன்னு விட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமை அதப் படிச்சதும் தாளத் தூக்கி அவர் மூஞ்சியில போட்டேன். இந்தாளால முடிஞ்சிருக்கே, உனக்கென்ன வந்துச்சுன்னு கேட்டேன். அதுலருந்து ரெண்டு பேரும் பேசல."

மேசையின் கோடியில் ஒரு பெரியவர் சிப்பி எதையும் தொடாமல் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர்தான் கிஸ்லேனின் கணவர் ரேமி. பெரிய உடம்பு, வெயிலில் காய்ந்த கழுத்து, மடியில் கோத்துக்கொண்ட கைகள். நாற்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு, தன் கணவன் சொன்ன ஒரு பொய்யால் அந்த மனிதர் தண்டனை அனுபவித்துக்கொண்டிருப்பதை நோல்வென் பார்த்தாள். இரண்டு நாளாகத் தனக்காக மட்டும் எரிந்துகொண்டிருந்த கோபம் இப்போது அந்த ஆளுக்காகவும் எரிந்தது.

பெர்த்ரான் எழுந்தான். கோப்பையைக் கத்தியால் தட்டினான். அவளைப் பார்த்தான், பிறகு கூட்டத்தைப் பார்த்தான். ஆரம்பத்தில் குரல் நடுங்கத்தான் செய்தது. தன் கட்டுரையில் ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டும் என்றான். கொட்டகை அமைதியானது. அந்த அமைதி அவனுக்குள் இறங்குவதை நோல்வென் கண்ணால் பார்த்தாள். தோள் நிமிர்ந்தது, குரல் தாழ்ந்து கனிந்தது, வகுப்பறையில் கவிதை வாசிக்கிற குரல்.

"அன்று என் கைகள் நடைகூடத்தில் இருந்தன, நண்பர்களே. ஆனால் என் இதயம் கதவைத் தாண்டிப் போயிருந்தது. என் மகனை முதலில் தூக்கியது என் இதயம். இருபது வருடம் கழித்து என் பேனா அவனைத் தூக்கியது. அது பொய்யா? உங்களிடமே விடுகிறேன்."

யாரோ விசும்பினார்கள். ஒருவர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். கிளாரிஸ் குறிப்பேட்டில் வேகமாக எழுதிக்கொண்டாள். பெர்த்ரான் ஈரக் கண்ணோடு நோல்வென்னைப் பார்த்தான். சொல்லிவிட்டேன் பார் என்கிற பார்வை.

அவள் எழுந்தாள். கோப்பையைத் தட்டவில்லை. பண்ணைகளில் எருதுகளுக்கும் மோட்டார் சத்தத்துக்கும் மேலாகப் பேசிப் பழகிய குரல் அவளுடையது.

"அவரு இதயம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆளு காப்பி மெஷின் பக்கத்துல நின்னாரு. கூப்பிட்டு ரெண்டு தடவ ஆள் அனுப்பினேன், வரல. பையன் எங்கிட்ட இருந்தான். எங்கிட்ட மட்டும்தான் இருந்தான். தாள்ல வந்தது பொய். இப்ப சொன்னதும் அதேதான்."

கைதட்டிய கைகள் அங்கங்கே நின்றன. அவள் கிஸ்லேன் பக்கம் திரும்பினாள்.

"உங்க வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் அன்னைக்கு ஒரே எடத்துலதான் நின்னாங்க மதாம். என்ன, உங்க ஆளு அத மறைக்கல."

ரேமி தலையை நிமிர்த்தினார். கிஸ்லேன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பெர்த்ரான் "நோல்வென், நோல்வென்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தான். இதற்கு மேலும் அவமானப்படுத்தாதே, வெளியே போய்ப் பேசுவோம் என்றான். அவள் அவனைக் கடந்து கிளாரிஸிடம் போனாள். இனிமேல் தன் பெயரோ மகன் பெயரோ படமோ ஒரு வரியிலாவது வந்தால் அடுத்த கடிதம் வக்கீலிடமிருந்து வரும் என்றும், பொய் என்று தெரிந்ததை வரும் ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்றும் சொன்னாள். கிளாரிஸ் குறிப்பேட்டை மூடிவிட்டுத் தலையாட்டினாள்.

வேனின் பின்கதவைத் திறந்து, அவன் பெட்டியையும் முக்காலியையும் எடுத்து, கொட்டகை வாசலில் குவிந்திருந்த காலிச் சிப்பி ஓடுகளின் மேல் வைத்தாள். பெர்த்ரான் பின்னாலேயே வந்தான். இப்போது அவன் குரலில் கவிதை இல்லை.

"என்னை இங்க விட்டுட்டுப் போனா நான் எப்படிப் போவேன்? எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல."

"தாள்ல நீதானே ஓட்டின," என்றாள்.

மூன்று மணிக்குக் கிளம்பியவள் வடக்கே பார்த்து ஓட்டினாள். லா ரொஷெல், நான்த், வான் என்று ஊர்கள் பின்னால் போயின. கைபேசி பக்கத்து இருக்கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. கோபம் ஆறவில்லை, அது வேனுக்குள் இன்னொரு ஆள் மாதிரி உட்கார்ந்துகொண்டு வந்தது. வான் நகரைத் தாண்டியபோதுதான் ஒன்று புரிந்து வேகத்தைக் குறைத்தாள். அம்மாவிடம் பத்தொன்பது வருஷம் பொய் சொன்னவள் அவளேதான். அதைப் பெர்த்ரான் தலையில் கட்ட முடியாது.

துவார்னெனேயில் வெளிச்சம் இன்னும் இருந்தது. ஜூலையில் அங்கே பொழுது சீக்கிரம் சாயாது. துறைமுகத்திலிருந்து ஏறும் தெருவில், நீல ஜன்னல் வைத்த வீட்டின் கதவை அம்மா திறந்தாள். முப்பது வருஷம் மத்தி மீன் தொழிற்சாலையில் டப்பாவில் மீன் அடுக்கியவள். கன்னத்தைக் காட்டவில்லை, முத்தம் தரவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.

"நீ எங்கிட்ட பொய் சொன்ன."

"சொன்னேன்."

"அந்த ஆளக் காப்பாத்தறதுக்கு."

"ஆமா."

"என்ன ஏன்டி காப்பாத்தணும்னு உனக்குத் தோணல? எனக்கு அவன் பேரன் இல்லையா?"

இரண்டு நாளாக ஒவ்வொருவருக்கும் கொடுக்க நோல்வென்னிடம் வார்த்தை இருந்தது. அம்மாவுக்குக் கொடுக்க மன்னிப்பு மட்டும்தான் இருந்தது. அதைக் கேட்டாள். அம்மா ஏற்றுக்கொண்டதாகவும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. எழுந்து போய் சூப்பைச் சுடவைத்தாள், கிண்ணத்தை அவள் முன்னால் தட்டென்று வைத்தாள், எதிரே உட்கார்ந்தாள்.

"எப்படி இருந்தான்?"

அந்தக் கேள்வியை இதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை. பெர்த்ரான் கேட்டதே இல்லை. எட்டு ஞாயிற்றுக்கிழமை எழுதக் கிளம்பியவன் அதைக் கேட்கவில்லை. நோல்வென் சொல்ல ஆரம்பித்தாள். உள்ளங்கை அகலம்தான் முதுகு. தலையில் மயிர் இருந்தது, ஈரமாக, கறுப்பாக. கண்ணைத் திறக்கவில்லை. அவள் சுண்டுவிரலை அவன் கையில் வைத்தபோது விரல்கள் மூடிக்கொண்டன. ஒருமுறை கொட்டாவி விட்டான். இருந்த கொஞ்ச நேரத்தில் கொட்டாவி விட்டானே என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. அம்மா இடையிடையே கேட்டாள். மூக்கு யார் மூக்கு? சூடாக இருந்தானா? நீ ஏதாவது பேசினாயா அவனிடம்? ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொன்னாள். சூப் ஆறிவிட்டது.

மறுநாள் காலை வீட்டுத் தொலைபேசியில் பெர்த்ரான் கூப்பிட்டான். ரயில் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டானாம். அம்மாதான் எடுத்தாள்.

"இருக்கா. எங்கிட்ட என் பேரனப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கா. நீங்க இடையில வராதீங்க," என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை திருத்தம் வந்தது, நாலு வரி. தொடர் அதோடு நின்றது. செப்டம்பரில் பெர்த்ரான் பெரிகேயில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குக் குடிபோனான். நவம்பரில் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, ஒரே பக்கம். அவன் சாவதைப் பார்க்கப் பயந்தேன், அதற்குப் பிறகு உன்னைப் பார்க்கப் பயந்தேன், இவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்று இருந்தது. மான்குட்டி இல்லை, இதயம் இல்லை. நோல்வென் அதைத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி இரண்டு முறை படித்தாள். முதல்முறையாக உண்மை எழுதியிருக்கிறான் என்று தெரிந்தது. ஆனாலும் கோபம் இருந்த இடத்தில்தான் இருந்தது. பதில் எழுதவில்லை, கிழித்துப் போடவும் இல்லை. கடிதத்தை மேல்கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வேனை எடுத்தாள். மேட்டுப் பண்ணையில் ஒரு பசுவுக்குக் கன்று வயிற்றில் குறுக்கே நிற்பதாகக் கொஞ்சம் முன்னால்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.